ஆர்.வி. பேட்டரி இரண்டே வருடத்தில் ஏன் போய்விடுகிறது?

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறோம். எங்கள் ஆர்.வி. ஒரு டிராவல் ட்ரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி. அதில் 100 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் வீதம் 100 மணி நேரம் தரும் கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரிகள் இரண்டு இணையாகப் பூட்டியிருக்கின்றன. அக்டோபரில் முழு சார்ஜுடன் வண்டியை நிறுத்தினால் ஏப்ரலில்தான் எடுப்போம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பேட்டரி மாற்ற வேண்டியிருக்கிறது. மின் இணைப்பு இல்லாத இடத்தில் தங்கினால் இரண்டாம் நாளே விளக்கு மங்குகிறது; ஒரு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டியும் பயனில்லை. லித்தியத்துக்கு மாறலாமா?

பதில்: லித்தியத்துக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் பேட்டரிகள் வீணாவது பெரும்பாலும் பயணத்தில் அல்ல, நிறுத்தி வைத்திருக்கும் ஆறு மாதத்தில்.

எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் ட்ரெய்லர் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். கேஸ் கசிவை எச்சரிக்கும் கருவி, ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு, ஸ்டீரியோ என்று எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர். உங்கள் 200 ஆம்பியர்-அவரும் இரண்டரை வாரத்துக்குள் தீர்ந்துவிடும். அதாவது பனி விழத் தொடங்கும் முன்பே பேட்டரி காலி. லெட் ஆசிட் பேட்டரி காலியாகக் கிடந்தால் தகடுகளில் லெட் சல்பேட் படிந்து இறுகிவிடும்; அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. போதாததற்கு, காலியான பேட்டரியில் அமிலம் நீர்த்துப் போயிருப்பதால் மைனஸ் 7, 8 டிகிரி செல்சியஸிலேயே உறைய ஆரம்பிக்கும். முழு சார்ஜில் இருந்தால் மைனஸ் 50 வரை கவலையில்லை. உறைந்த பேட்டரிக்கு மட்டும் சார்ஜர் மாட்டவே மாட்டாதீர்கள், வெடிக்கக்கூடும்.

ஆகவே நிறுத்தும் நாளில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் ஸ்விட்ச் இருக்கிறதே என்பீர்கள்; பல ட்ரெய்லர்களில் சில வயர்கள் அந்த ஸ்விட்சைத் தாண்டி நேராகப் பேட்டரிக்கே போகின்றன. கேபிளைக் கழற்றுவதுதான் நிச்சயம். ஆனால் வண்டியை இழுக்கும் முன் மறுபடி மாட்டியாக வேண்டும். ட்ரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிரேக் பிடிக்கும் பிரேக்அவே ஸ்விட்சுக்கு இந்தப் பேட்டரிதான் மின்சாரம் தருகிறது. இதில் அலட்சியம் கூடாது.

குளிரில் பேட்டரி தானாக இறங்கும் வேகமும் குறைவு என்பதால் வீட்டுக்குள் தூக்கி வரத் தேவையில்லை. மாதம் ஒரு முறை வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.4 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் சார்ஜ் ஏற்றுங்கள். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று சொல்வார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது.

வோல்ட் அளப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. சார்ஜரை எடுத்த உடனே அளந்தால் பொய்க் கணக்குதான் கிடைக்கும். சுமை எதுவும் இல்லாமல் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.6, 12.7 என்பது முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். அப்படிப் பார்த்தால் புதிய பேட்டரியிலேயே உங்கள் கைக்கு வருவது 100 ஆம்பியர்-அவர்தான். குளிரான இரவில் ஹீட்டரின் மின்விசிறி மட்டுமே ஓடும்போது ஆறேழு ஆம்பியர் இழுக்கும். சல்பேட் படிந்த பேட்டரி இரண்டாம் நாள் மங்காமல் என்ன செய்யும்?

இனி ஜெனரேட்டர். லெட் ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை சுமாரான வேகத்தில் ஏறும். மீதி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும், அவசரப்படுத்த முடியாது. வெளியிலிருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றிப் பேட்டரிக்கு ஏற்றும் உங்கள் ட்ரெய்லரின் கன்வெர்ட்டர் பழைய வகையாக 13.6 வோல்ட்டிலேயே நிற்பதாக இருந்தால் இன்னும் மோசம். அதை மாற்றி, 14.4 வரை ஏற்றிவிட்டுத் தானாக இறங்கும், மூன்று கட்டமாகச் சார்ஜ் ஏற்றும் கன்வெர்ட்டர் போடுங்கள். நான் முதலில் செலவு செய்யச் சொல்வது இதற்குத்தான். காலையில் ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, மீதியைப் பகல் முழுக்க ஒரு சோலார் பேனலிடம் விட்டுவிடுவது நல்ல ஏற்பாடு. இழுக்கும் வண்டியிலிருந்து வரும் மெல்லிய வயரை நம்பாதீர்கள். அதில் சில ஆம்பியர்தான் வந்து சேரும்.

தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் கோடையில் மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து பாருங்கள். ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றிய அதே டிஸ்டில்டு வாட்டர்தான். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் மூழ்கும் அளவு ஊற்றிச் சார்ஜ் ஏற்றுங்கள். மற்றபடி சார்ஜ் ஏறிய பிறகே நிரப்ப வேண்டும். இல்லையென்றால் பொங்கி வழியும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அவசியம், பக்கத்தில் நெருப்பு கூடாது.

சரி, லித்தியம். ஒரே 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி உங்கள் இரண்டு பேட்டரியின் வேலையையும் செய்யும், எடையும் பாதிக்குக் கீழ். அரை சார்ஜில் கிடந்தாலும் கெடாது. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, கன்வெர்ட்டரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். மின் இணைப்பில்லாத இடங்களில் அடிக்கடி மூன்று நான்கு நாள் தங்குகிறவர் என்றால் தாராளமாக மாறுங்கள். எப்போதாவது ஒரு முறைதான் என்றால் அடுத்த ஜோடியும் லெட் ஆசிடாகவே இருக்கட்டும். இந்த அக்டோபரில் கேபிளைக் கழற்றினாலே அது இரண்டு வருடத்தைத் தாண்டி உழைக்கும்.