ஒரே மாதாவுக்கு எத்தனை திருநாள்? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறேன். ஆடி வந்தால் எங்கள் வீடே கோட்டை மாரியம்மன் கோயிலில்தான் இருக்கும். கூட வேலை பார்க்கும் நண்பன் ஆர்.சி. ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிடுகிறான். அக்டோபர் முழுக்க செபமாலை என்கிறான், அப்புறம் டிசம்பர் 8, பிப்ரவரி 11 என்று வருடம் பூராவும் ஏதாவது ஒன்று. ஆரோக்கிய மாதா, லூர்து மாதா, அடைக்கல மாதா எல்லாம் வேறு வேறா? பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற இன்னொரு நண்பர், "மரியாளின் பிறந்த நாள் பைபிளிலேயே கிடையாது, எல்லாம் ரோமில் உட்கார்ந்து பின்னால் சேர்த்தது" என்கிறார். ஆர்.சி. நண்பனைக் கேட்டால் சிரிக்கிறான். நீங்கள் ஏற்காட்டில் வளர்ந்தவர், சொல்லுங்களேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாம் ஒரே மரியாதான். நாசரேத்து ஊர்ப் பெண், இயேசுவின் அம்மா. லூர்து என்பது ஊர்ப் பெயர், பிரான்சில் இருக்கிறது. 1858இல் பெர்னதெத் என்கிற ஏழை வீட்டுச் சிறுமிக்கு அங்கே முதல் காட்சி கிடைத்த நாள்தான் பிப்ரவரி 11. ஆரோக்கியம், அடைக்கலம் எல்லாம் ஜனங்கள் அவரிடம் என்ன கேட்டுப் போனார்களோ அதை வைத்து வந்த பெயர்கள். மணிகளை உருட்டிச் சொல்லும் செபமாலை முடிந்ததும் மாதா பிரார்த்தனை என்று ஒன்று சொல்வோம், அதில் "வியாதிக்காரர்களுக்கு ஆரோக்கியமே", "பாவிகளுக்கு அடைக்கலமே" என்று வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். ஆனால் அதே பிரார்த்தனையின் தொடக்கத்தில் கடவுளைக் கூப்பிடும்போது பதில் "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்று இருக்கும். இரக்கம் காட்ட வேண்டியவர் கடவுள், நமக்காகப் பரிந்து பேசுகிறவர் மாதா. உங்கள் அம்மன் உங்களுக்குத் தெய்வம். எங்களுக்கு மாதா தெய்வம் இல்லை, மனுஷிதான். இதை மழுப்பாமல் சொல்வதுதான் இரண்டு பேருக்கும் மரியாதை என்று நினைக்கிறேன்.

பிறந்த தேதி பைபிளில் இல்லை என்பது சரி. இயேசு பிறந்த தேதியும்தான் இல்லை. மரியாவின் பெற்றோர் சுவக்கின், அன்னா என்கிற பெயர்களே பைபிளுக்கு வெளியே இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து வருகின்றன. தேதிகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு: அன்னாவின் வயிற்றில் மரியா உருவானதை நினைப்பது டிசம்பர் 8, பிறந்தது செப்டம்பர் 8. இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன மார்ச் 25க்கும் கிறிஸ்துமஸுக்கும் உள்ள அதே ஒன்பது மாதம். புனிதர்களுக்குப் பொதுவாக இறந்த நாளைத்தான் திருநாளாக வைப்போம், பிறந்த நாள் கொண்டாடுவது இயேசு, திருமுழுக்கு யோவான், மரியா இந்த மூவருக்கு மட்டும்.

ஆனால் ரோமில் உட்கார்ந்து சேர்த்தது என்பதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நடந்தது தலைகீழ். செப்டம்பர் 8 தொடங்கியது எருசலேமில், ரோமுக்கு அது ஏழாம் நூற்றாண்டு வாக்கில்தான் வந்து சேர்ந்தது. மாதா உடலோடு விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்ட விண்ணேற்பை ஆறாம் நூற்றாண்டிலேயே கிழக்கே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், அதை விசுவாசக் கோட்பாடு என்று போப் 12ஆம் பத்திநாதர் அறிவித்தது 1950 நவம்பர் 1. அமலோற்பவம், அதாவது மரியா பாவக் கறையில்லாமல் கருவானார் என்கிற டிசம்பர் 8 விழா, அதைவிட ஆச்சரியம்: தாமஸ் அக்குவினாஸ் மாதிரி பெரிய இறையியல் மேதையே ஏற்கத் தயங்கினார், டன்ஸ் ஸ்கோட்டஸ் என்கிற இன்னொரு மேதை ஆதரித்து வாதாடினார், நூற்றாண்டுக் கணக்கில் சண்டை நடந்தது, விழா அது பாட்டுக்கு ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது, கடைசியில் 1854இல்தான் போப் 9ஆம் பத்திநாதர் கோட்பாடாக அறிவித்தார். மேதைகள் முடிவுக்கு வரட்டும் என்று ஜனங்கள் காத்திருக்கவில்லை தம்பி. முதலில் கொண்டாடினார்கள், விளக்கம் பின்னால் வந்தது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எஸ்டேட் லைன் வீடுகளில் பார்த்திருக்கிறேன். அக்டோபரில் மாதா சொரூபம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். மழை பிடித்திருக்கும், பனி வேறு, சொரூபத்துக்கு பாலித்தீன் தாளைப் போர்த்தி யாராவது ஒரு அம்மா கைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு போவார். போய்ச் சேருகிற வீட்டில் முக்காலி மேல் வெள்ளைத் துணி, வேலியோரத்துப் பூ, காற்றுக்கு அணையாமல் கண்ணாடி டம்ளருக்குள் நிறுத்திய மெழுகுவர்த்தி. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணி செபத்தை முன்னின்று நடத்துகிறவர் சாமியாரும் இல்லை உபதேசியாரும் இல்லை, பகல் முழுக்க காப்பித் தோட்டத்தில் களை வெட்டிவிட்டு வந்த பெண். தொடங்கும் முன், யாருக்காக வேண்டுவது என்று கருத்துகள் சொல்வார்கள்: இன்னார் வீட்டில் காய்ச்சல், இன்னார் மகளுக்கு வரன் தகையவில்லை, இன்னாருடைய பையன் திருப்பூர் போய் ஆறு மாதமாகக் கடிதம் இல்லை. முடிந்தால் கடுங்காப்பியும் பொரியும். அக்டோபர் 7 செபமாலை மாதா திருநாள் 1571இல் லெபாந்தோ கடற்போரில் துருக்கியருக்கு எதிராகக் கிறிஸ்தவக் கப்பற்படைக்குக் கிடைத்த வெற்றிக்காக வந்தது என்பது வரலாறு, அந்த வீடுகளில் அதைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த திருநாளுக்கு எங்கள் ஊரில் கொடியும் இல்லை தேரும் இல்லை. மே 31, மாதா எலிசபெத்தைப் பார்க்கப் போன நாள். வயிற்றில் பிள்ளையோடு ஒரு இளம்பெண், வயதான காலத்தில் கர்ப்பமான உறவுக்காரப் பெண்ணுக்குத் துணையாக மலைநாட்டுக்கு ஏறிப் போகிறாள், மூன்று மாதம் கூட இருக்கிறாள். மலையில் பிரசவத்துக்கு ஆள் துணை என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அங்கேதான் மரியா கடவுளைப் பற்றிப் பாடுகிறார், பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார் என்று.

பெந்தெகொஸ்தே நண்பரோடு சண்டை எல்லாம் போட வேண்டாம். அவருடைய பைபிளிலேயே லூக்கா முதல் அதிகாரம் 48ஆம் வசனத்தைச் சேர்ந்து படியுங்கள்: "இதுமுதல் எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள்." நாங்கள் வருடம் பூராவும் செய்வது இதைத்தான். படித்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
அக்கா