கேளுங்கள், சொல்கிறேன்: கல்யாணமும் கோட்டையும்

போன இதழில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியைப் பற்றி எழுதும்போது, “அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு ராஜ கல்யாணம் நடந்தால் எங்கோ ஒரு கோட்டை கைமாறும்” என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவளுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் நீளமாகத்தான் இருக்கும். அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: டீச்சர், கோட்டை கைமாறும் என்றீர்களே, கோட்டையின் பெயரோடு ஓர் உதாரணம் சொல்லுங்களேன். (தஞ்சாவூர் வாசகர்)

ஜிஸோர் கோட்டை. பாரிஸுக்கு வடமேற்கே, பிரெஞ்சு அரசரின் சொந்த நிலத்துக்கும் நார்மண்டிக்கும் நடுவே வெக்சன் என்று ஓர் எல்லைச் சீமை இருந்தது. அதைக் காத்து நின்ற கோட்டைகளில் முக்கியமானது ஜிஸோர். நார்மண்டி அப்போது ஹென்றியிடம் இருந்தது. ஜிஸோர் யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு அடுத்தவர் வீட்டு வாசல் திறந்து கிடந்த மாதிரி.

1158-ல் ஹென்றியும் பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயியும் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை ஹென்றியின் மகன். அவன் பெயரும் ஹென்றிதான், வயது மூன்று. பெண் லூயியின் மகள் மார்கரெட், கைக்குழந்தை. பேசி முடிக்கப் பாரிஸுக்குப் போனவர் தாமஸ் பெக்கெட். பிற்காலத்தில் கான்டர்பரி பேராயராகி, கோயிலுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டாரே, அவரேதான். அந்த ஊர்வலத்தை அவரிடம் வேலை பார்த்த எழுத்தர் ஒருவர் விவரித்து வைத்திருக்கிறார். முன்னால் இருநூற்றைம்பது பேர் பாடிக்கொண்டு போகிறார்கள். பின்னால் வேட்டை நாய்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுக்க வண்டியில் பீர். பொதி சுமந்த ஒவ்வொரு குதிரையின் முதுகிலும் ஒரு குரங்கு. இத்தனையும் ஒரு கைக்குழந்தையைப் பெண் கேட்க.

சீதனம் வெக்சன். கல்யாணம் நடக்கும்வரை கோட்டைகள் தெம்ப்ளர் என்ற வீரத்துறவிகளின் பொறுப்பில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. பிள்ளைகள் வளர இன்னும் பத்து வருடமாவது ஆகும் என்று லூயி நினைத்திருப்பார். 1160 அக்டோபரில் அவருடைய ராணி பிரசவத்தில் இறந்தார். துக்கம் ஆறும் முன்பே லூயி ஷாம்பெயின் வம்சத்தில் பெண் எடுக்க ஏற்பாடு செய்தார். அது ஹென்றிக்கு ஆகாத வம்சம். அப்புறம் ஹென்றி காத்திருக்கவில்லை. போப்பாண்டவரின் தூதர்களிடம் விசேஷ அனுமதி வாங்கி, அந்த நவம்பரிலேயே ஐந்து வயதுப் பையனுக்கும் மூன்று வயதுகூட நிரம்பாத பெண்ணுக்கும் கல்யாணத்தை முடித்தார். கல்யாணம் ஆகிவிட்டது என்றதும் தெம்ப்ளர்கள் கோட்டைகளை ஒப்படைத்தார்கள்.

ஜிஸோருக்கு என்ன ஆனது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். மார்கரெட்டுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1183-ல் அவர் விதவையானார். பிறகு ஹங்கேரி மன்னர் மூன்றாம் பேலாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவரும் இறந்தபின் புனித பூமிக்கு யாத்திரை போய் 1197-ல் அங்கேயே இறந்தார்.

கேள்வி: கத்தோலிக்க மதத்தில் விவாகரத்து கிடையாது. பிறகு மன்னர்கள் எப்படி மனைவியை மாற்றினார்கள்? (மதுரை கல்லூரி மாணவர்)

நல்ல கேள்வி, தம்பி. விவாகரத்து கிடையாதுதான். ஆனால் ‘அது கல்யாணமே இல்லை’ என்று சொல்ல வழி இருந்தது. ஏழு தலைமுறைக்குள் பொது மூதாதை இருந்தால் அந்தத் திருமணம் செல்லாது என்பது அப்போதைய திருச்சபைச் சட்டம். ஏழு தலைமுறை என்றால் எவ்வளவு அகலம் என்று பார்க்க, பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிரெஞ்சு, ஆங்கில ராஜ வம்சங்களை ஒருமுறை வரைந்து பார்த்தேன். நாலாவது தலைமுறை தாண்டுவதற்குள் கோடுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. ராஜ குடும்பத்தில் ராஜ குடும்பம்தான் பெண் எடுக்கும் என்றால், உறவில்லாத வரனுக்கு எங்கே போவது? கல்யாணத்தின்போது யாரும் தலைமுறையை எண்ண மாட்டார்கள். வேண்டாம் என்று தோன்றும்போது எண்ணுவார்கள்.

அதே ஏழாம் லூயி 1137-ல் அக்விடெய்ன் நாட்டு வாரிசு எலியனோரை மணந்தார். பதினைந்து வருடம், இரண்டு பெண் குழந்தைகள், ஆண் வாரிசு இல்லை. 1152 மார்ச் 21 அன்று பொஜான்சியில் கூடிய ஆயர்கள் இருவரும் உறவுக்காரர்கள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். எட்டு வாரம் கழித்து, மே 18 அன்று, எலியனோர் மணந்தது நம் ஹென்றியை. ஹென்றியும் அவருக்கு உறவுதான். அதை அன்று யாரும் எண்ணவில்லை. பிரான்ஸின் தென்மேற்கு முழுவதும் மணமகளோடு ஹென்றி பக்கம் போனது. முதல் பதிலில் வந்த ஐந்து வயது மாப்பிள்ளை இந்த எலியனோரின் மகன். பெண் குழந்தை, அவர் விட்டுவந்த கணவரின் மகள். 1215-ல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஏழு தலைமுறை என்பதை நான்காகக் குறைத்தது.

கேள்வி: தள்ளிவைக்கப்பட்ட ராணிகள் எங்கே போவார்கள், அம்மா? எல்லோரும் பேசாமல் போய்விட்டார்களா? (நாகர்கோவில் வாசகி)

பெரும்பாலும் கன்னியர் மடத்துக்கு. ஆனால் போக மறுத்த ஒருவர் உண்டு. டென்மார்க் இளவரசி இங்கெபோர்க். வகுப்பில் நான் அவரை ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறேன். பிலிப் அகஸ்டஸின் போர்களுக்கே மணி அடித்துவிடும். இன்று நிதானமாகச் சொல்கிறேன்.

1193. லூயியின் மகன் இரண்டாம் பிலிப், அதாவது பிலிப் அகஸ்டஸ், அப்போது பிரெஞ்சு மன்னர், மனைவியை இழந்தவர். இங்கிலாந்தின்மேல் கண். டேனியர்களிடம் கப்பல்கள் இருந்தன, இங்கிலாந்து அரியணைமேல் ஒரு பழைய உரிமையும் இருந்தது. டென்மார்க் மன்னர் ஆறாம் கனூட் தன் தங்கையையும் 10,000 வெள்ளி மார்க்கும் கொடுத்தார். பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். ஆகஸ்டு மாதம் அமியேன் நகரில் கல்யாணம். மறுநாள் மாதா விண்ணேற்புத் திருநாள், ராணியாக முடிசூட்டும் சடங்கு. அதன் நடுவிலேயே பிலிப்பின் முகம் வெளிறி உடம்பு நடுங்கியது என்று அக்காலத்தவர் எழுதியிருக்கிறார்கள். சடங்கு முடிந்ததும், பெண்ணைத் திரும்ப அழைத்துப் போங்கள் என்றார். ஒரே இரவில் என்ன நடந்தது? எண்ணூறு வருடமாக ஊகிக்கிறார்கள். எனக்கு அந்த ஊகங்களில் ஆர்வமில்லை. அதற்குப் பிறகு இங்கெபோர்க் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம்.

மூன்று மாதத்துக்குள் கோம்பியேனில் ஒரு சபை. தலைமை தாங்கியவர் ரீம்ஸ் பேராயர், அரசரின் தாய்மாமன். முதல் மனைவி வழியில் இங்கெபோர்க் உறவு என்று காட்ட ஒரு பொய் வம்சாவளி தயாராக இருந்தது. கல்யாணம் செல்லாது என்றார்கள். இங்கெபோர்க்குக்குப் பிரெஞ்சு தெரியாது. தீர்ப்பை மொழிபெயர்த்துச் சொன்னதும் தனக்குத் தெரிந்த லத்தீனில் கத்தினார்: “மாலா ஃப்ரான்சியா! ரோமா! ரோமா!” கெட்ட பிரான்ஸ், ரோமிடம் முறையிடுகிறேன் என்று அர்த்தம். மூன்றே சொற்கள். அவற்றை வைத்துக்கொண்டு இருபது வருடம் போராடினார்.

டென்மார்க் சரியான வம்சாவளியை எழுதி ரோமுக்கு அனுப்பியது. 1195-ல் போப்பாண்டவர் மூன்றாம் செலஸ்டின், சபையின் தீர்ப்பு செல்லாது என்றார். பிலிப் காதில் வாங்கவில்லை. மறு வருடம் மெரானியாவின் ஆக்னஸை மணந்துகொண்டார். ஆக்னஸையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரையும் யாரோ பேசி முடித்துத்தான் அனுப்பினார்கள்.

அடுத்து வந்த மூன்றாம் இன்னசென்ட் விடவில்லை. 1200 ஜனவரியில் பிரெஞ்சு அரசரின் நாட்டில் கோயில்களை மூடச் சொன்னார். பொதுப் பூசை கிடையாது, இறந்தவர்களை மந்திரித்த மண்ணில் புதைக்க முடியாது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானமும் சாகக் கிடப்பவர்களுக்குப் பாவசங்கீர்த்தனமும் மட்டும் உண்டு. செப்டம்பரில் பிலிப் பணிந்த மாதிரி காட்டினார். 1201-ல் சுவாசோனில் மறுவிசாரணை நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று வந்து, இங்கெபோர்க்கைத் தன் குதிரையில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வழக்கு முடிந்தது என்று எல்லோரும் கலைந்தார்கள். அவர் கொண்டுபோய் விட்ட இடம் எத்தாம்ப் கோபுரம், அதாவது சிறை.

அங்கிருந்து 1203-ல் ராணி போப்பாண்டவருக்கு எழுதிய கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. சாப்பாடு போதவில்லை, வைத்தியரை விடுவதில்லை, குளிக்க வசதியில்லை, உடுத்த ராணிக்கேற்ற துணியில்லை, நினைத்தபோது பூசை காண முடியவில்லை. அதற்கு முன்பே, சாப்பாட்டுக்காகத் துணிமணியையும் பாத்திரங்களையும் விற்றும் அடகு வைத்தும் வாழ்கிறார் என்று தூர்னே ஆயர் ஸ்டீபன் எழுதியிருந்தார். ஒரு வார்த்தை ‘சரி’ என்றிருந்தால் கௌரவமாக ஒரு மடத்தில் இருந்திருக்கலாம், ஊருக்கும் திரும்பியிருக்கலாம். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

1213-ல் பிலிப் இங்கிலாந்தின்மேல் படையெடுக்கத் தயாரானார். போப்பாண்டவரின் தயவும் டென்மார்க்கின் நட்பும் மறுபடி தேவைப்பட்டன. ராணியை வெளியே அழைத்தார். மனம் மாறி அழைத்ததாக நான் நம்பவில்லை. ஆனால் இங்கெபோர்க் ராணியாகத்தான் வெளியே வந்தார். 1223-ல் பிலிப் இறந்தபின்னும் பத்து வருடத்துக்கு மேல் ராணி என்ற மரியாதையோடு வாழ்ந்தார்.

கேள்வி: தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்ட இளவரசி யாராவது உண்டா? (கோவை வாசகி)

உண்டு. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் மகள் ஜோன். முதல் கணவர் இறந்தபின் அப்பா சவாய் பிரபுவுக்குப் பேசிக்கொண்டிருந்தார். ஜோன் 1297-ல் தன் வீட்டில் பணிபுரிந்த ரால்ஃப் தெ மான்தெர்மரை ரகசியமாக மணந்துகொண்டார். ரால்ஃபை பிரிஸ்டல் கோட்டையில் அடைத்தார்கள். ஒரு பெரிய பிரபு ஏழைப் பெண்ணை மணந்தால் தவறில்லை என்கிறீர்கள், ஒரு சீமாட்டி திறமையான இளைஞனை உயர்த்தினால் மட்டும் தவறா என்று ஜோன் கேட்டதாகப் பதிவு. அதே வருடம் ரால்ஃப் விடுதலையானார், பிரபு பட்டமும் கிடைத்தது.

கேள்வி: பிலிப்பின் மகன் லூயிக்கும் காஸ்டில் நாட்டு பிளான்ஷுக்கும் கல்யாணம் பாரிஸில் நடக்காமல் நார்மண்டியில் நடந்தது ஏன்? இங்கெபோர்க் கைப்பட்ட பொருள் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? (காரைக்கால் வாசகர்)

தேதியைப் பாருங்கள்: 1200 மே 23. பிரான்ஸில் கோயில்கள் பூட்டிக் கிடந்த மாதங்கள் அவை. இளவரசனுக்கே சொந்த நாட்டில் கல்யாணம் செய்துவைக்க முடியவில்லை. அதனால் மாப்பிள்ளையின் எதிரி, பெண்ணின் தாய்மாமன், இங்கிலாந்து மன்னர் ஜானின் மண்ணில், போர்மோர் என்ற சிற்றூரில் நடத்தினார்கள். பெண்ணை அழைத்துவர பைரனீஸ் மலையைக் குளிர்காலத்தில் தாண்டிப் போனவர் யார் தெரியுமா? நம் எலியனோர். எண்பதை நெருங்கும் வயது. பேத்திகளில் அக்கா உர்ராகாவைத்தான் முதலில் நினைத்திருந்தார்கள். பாட்டி தங்கை பிளான்ஷை அழைத்துவந்தார். பன்னிரண்டு வயது. பின்னாளில் மகன் ஒன்பதாம் லூயி சிறுவனாக இருந்தபோது பிரான்ஸை ஆண்டவர் அந்த பிளான்ஷ்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: இருக்கிறது. ஷாந்தியி நகரில் கோந்தே அருங்காட்சியகத்தில் அவருடைய சங்கீதப் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. பொன் பூசிய பக்கங்களில் பைபிள் காட்சிகள். முன்பக்கத்தில் ஒரு நாள்காட்டி. அதில் அப்பா வால்டெமார் இறந்த நாளைக் குறித்து வைத்திருக்கிறார்கள், அம்மா சோஃபியா இறந்த நாளையும். ஜூலை 27-க்கு நேரே இன்னொரு குறிப்பு: 1214-ல் பிரான்ஸ் மன்னர் பிலிப், ஓட்டோ மன்னரையும் ஃபிளாண்டர்ஸ் பிரபுவையும் பூலோன் பிரபுவையும் இன்னும் பல பிரபுக்களையும் போரில் வென்றார். கோபுரத்திலிருந்து ராணி வெளியே வந்த அடுத்த வருடம் அது.