நாற்பது கொண்டை ஊசி, தனி ஆள், ஒரு கார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏழு வருஷத்துப் பெட்ரோல் கார், கியர் வண்டி. தனியாக வால்பாறை போய் ஒரு ராத்திரி தங்கித் திரும்பலாம் என்றிருக்கிறேன். கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்கணும்? – வாசகி, திருப்பூர்

பதில்: இன்ஜின் ஆயிலும் டயர் காற்றும் எல்லோரும் பார்ப்பதுதான். பலரும் மறப்பது ஸ்டெப்னி. டிக்கியில் கிடந்தே பாதிக் காற்று போயிருக்கும். கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவைவிட 3, 4 பாயின்ட் கூடுதலாக அடித்து வையுங்கள். டயர் கடையில் மெஷின் வைத்து முறுக்கிய வீல் நட்டை வண்டியோடு வந்த ஸ்பேனரால் கழற்ற முடிகிறதா என்று வீட்டு வாசலிலேயே சோதித்துவிடுங்கள். வராவிட்டால் ஸ்பேனர் கைப்பிடி மேல் காலை வைத்து அழுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் கடைக்குப் போய்த் தளர்த்தி, கையால் முறுக்கித் தரச் சொல்லுங்கள். தனியாகப் போகிறவருக்கு இது முக்கியம், காட்டுக்குள் உதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கூலன்ட் அளவை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் (முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) உண்டு. மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள், மலையில் சிக்னலை நம்ப முடியாது.

கேள்வி: போன முறை வால்பாறையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. அரை மணி நேரம் நிறுத்தியதும் சரியாகிவிட்டது. பிரேக் பேடு நன்றாக இருக்கிறது, ஒரு கோளாறும் இல்லை என்கிறார் மெக்கானிக். – வாசகர், ஈரோடு

பதில்: பேடைப் பற்றி அவர் சொல்வது சரியாக இருக்கலாம். சந்தேகப்பட வேண்டியது பிரேக் ஆயிலை. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். புது டாட் 4 ரக பிரேக் ஆயில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் சேர்ந்த ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். இறக்கம் முழுக்கப் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் டிஸ்க்கின் சூடு, பேடை அதன் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் ஏறி, ஆயிலில் ஆவிக் குமிழி கட்டும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்கவே போய்விடும். ஆறியதும் குமிழி மறுபடி ஆயிலோடு கலந்துவிடும். பட்டறைக்கு வரும்போது வண்டி சாதுவாக நிற்பது இதனால்தான். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றி, நாலு சக்கரத்தின் பிரேக்கிலும் ஆயிலுக்குள் சிக்கிய காற்றை எடுக்கச் சொல்லுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி டாப்-அப் செய்வது மாற்றியதாகாது.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல், தீய்ந்த வாடை வந்தால் அது வேறு. அங்கே சூடேறிப் பிடிப்பை இழந்தது பேடு.

இரண்டுக்கும் வைத்தியம் கியரில் இருக்கிறது. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அதே கியர். இந்த மலையில் பெரும்பாலும் இரண்டாவது, வளைவில் தேவைப்பட்டால் முதலாவது. ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவல் நிலை. பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து உடனே விடுங்கள். காலை அதன் மேலேயே வைத்திருக்காதீர்கள். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய வண்டிகளில் கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடிக்கும்.

வழியில் பெடல் உள்ளே போனால் இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்து விடுங்கள். கியரைக் குறையுங்கள், ஹேண்ட்பிரேக்கைப் பட்டனை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலையை ஒட்டிய பக்கம் ஒதுக்குங்கள். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள். அணைத்தால் இரண்டு மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். நின்ற பிறகு அணைத்து, ரிவர்ஸ் கியரில் போட்டு, டயருக்குக் கல் கொடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும். கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரமாகத் தூக்கிப் போடுங்கள். பின்னால் பைக்கில் வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.

கேள்வி: ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கினால்? – வாசகர், உடுமலை

பதில்: ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, ஃபேனையும் முழு வேகத்தில் வையுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் அது இன்ஜின் சூட்டைத்தான் வெளியே இழுக்கிறது. முள் இறங்காவிட்டால் நிறுத்தி, பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள், அடுத்து ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்). ரிலே பெட்டியில் அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிச் சொருகிப் பார்க்கலாம். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடவே வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

கேள்வி: வழியில் எங்கே நிறுத்தலாம், என்ன சாப்பிடலாம்? – வாசகி, சேலம்

பதில்: காலையில் பொள்ளாச்சியில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழியாறு அணைப் பக்கம் மசாலா தடவித் தொங்கவிட்டிருக்கும் மீன் கண்ணைப் பறிக்கும், ஆனால் எண்ணெய்ப் பண்டத்தைத் தின்றுவிட்டு நாற்பது வளைவு ஏறினால் வயிறு பேசும். அதை இறங்கி வந்து சாப்பிடுங்கள், பிரேக்கும் ஆறும். கேட்டதும் கல்லில் போட்டுத் தருகிற கடையாகப் பாருங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடை.

ஒன்பதாவது கொண்டை ஊசியில் லோம்ஸ் வியூ பாயின்ட். ஆழியாறு நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும். காலை வெயில் ஏறுமுன் பளிச்சென்றிருக்கும். அந்தப் பகுதிப் பாறைகளில் வரையாடு நிற்கும். பிஸ்கட் போடாதீர்கள். புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அவற்றுக்காக மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், என்றாலும் கீழேயும் இறங்கும். அங்கே வேகம் முப்பதைத் தாண்ட வேண்டாம். இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடுங்கள், யானை நடமாட்டம் உள்ள ஊர். எதிரே நின்றால் ஹாரனும் ஹைபீமும் கூடாது; தூரத்திலேயே நிறுத்தி, பின்னால் போக இடம் விட்டுக் காத்திருங்கள்.

கேள்வி: திரும்பும்போது மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி போய்விடலாமா? – வாசகர், கரூர்

பதில்: போகலாம். அருமையான காட்டு வழி. ஆனால் மாலையில் செக்போஸ்ட்டில் விட மாட்டார்கள், காலையிலேயே கிளம்புங்கள். நடுவில் மெக்கானிக் கிடையாது. பெடலோ முள்ளோ முதல் நாள் ஒருமுறை முரண்டு பிடித்திருந்தால், வந்த வழியே பொள்ளாச்சிக்கு இறங்குவதுதான் சரி.