நுண்கலை மாணவர்களின் படைப்பாற்றலை இணைய வகுப்பில் வளர்க்க முடியுமா?

முடியும். ஆனால் வகுப்பறையில் நடத்துவதை அப்படியே கேமரா முன்னால் நடத்தினால் முடியாது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, இரண்டாம் ஆண்டு ஓவிய மாணவர்களுக்கு நான் அதைத்தான் செய்தேன். நான் வரைந்து காட்ட, அவர்கள் பார்த்து வரைந்தார்கள். இரண்டு வாரத்தில் பதினெட்டுப் படங்கள் வந்தன. பதினெட்டிலும் என் கோடுதான் இருந்தது. மனம் மிகவும் கனத்துப்போனது.

கடைகள் மூடிக்கிடந்தன; பலரிடம் வண்ணமும் இல்லை, நல்ல தாளும் இல்லை. எனவே செய்து காட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டில் இருப்பதைக் கொண்டே ஒரு கறுப்பும் ஒரு மஞ்சளும் உண்டாக்குங்கள். அவற்றால் உங்கள் வீட்டின் ஒரு மூலையை வரையுங்கள்.

ஒரு மாணவி புளியங்குச்சிகளைத் தகர டப்பாவில் அடைத்து, மூடியில் ஆணியால் துளையிட்டு, விறகடுப்பில் போட்டாள். காற்றுப் படாமல் சூடேறினால்தான் குச்சி கரியாகும். முதல் தடவை மூடி பொருந்தாமல் எல்லாம் சாம்பலாகிவிட்டது. அந்தச் சாம்பலையும் படமெடுத்து அனுப்பினாள். அடுத்த தடவை வந்த கரி தாளைக் கீறியது. பிறகு அவளே ஒரு வழி கண்டாள். சோற்றுப் பானையின் அடிக்கரியை நோட்டுத் தாள் முழுவதும் தேய்த்து, விரல் நுனியால் துடைத்துத் துடைத்து அடுப்பின் தீயை வெளியே கொண்டுவந்தாள். நான் கற்றுக்கொடுத்தது எதுவும் அந்தப் படத்தில் இல்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொருவன் மஞ்சள் பூசிய தாளில் முருங்கை இலையை வைத்து மொட்டைமாடியில் காயவிட்டான். மஞ்சள் வெயிலில் வெளுக்கும். நான்கு நாள் கழித்து இலை இருந்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றது.

இதிலிருந்து மதிப்பிடும் முறையையும் மாற்றினேன். முடிந்த படத்தை மட்டும் வாங்காதீர்கள். கெட்டுப்போன தாள்களையும் சேர்த்து வாங்குங்கள். மாணவர் எங்கே துணிந்தார், எங்கே பின்வாங்கினார் என்பது அவற்றில்தான் தெரிகிறது. நீங்கள் கருத்துச் சொல்லும் முன் மாணவரே தம் படத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிக் குரல்பதிவு அனுப்பட்டும். கூட்டத்தில் வாய் திறக்காத பிள்ளைகள் அதில் நன்றாகப் பேசினார்கள். கேமராவைப் போடச் சொல்லி யாரையும் நெருக்க வேண்டாம். ஒரே அறையில் ஐந்து பேர் வசிக்கும் வீட்டின் சங்கடம் நமக்குத் தெரியாது.

கைப்பேசி கேமரா நிறத்தைத் தானாகவே திருத்திவிடும். அதனால் படத்தை நிழலில், பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் தீப்பெட்டியும் இருக்கட்டும்; நிறமும் அளவும் பிடிபடும்.

களிமண், அச்சு எந்திரம், ஆளை உட்காரவைத்து வரைவது ஆகிய மூன்றுக்கும் என்னால் இணையத்தில் மாற்றுக் காண முடியவில்லை. அவற்றை நேர்வகுப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். மற்றபடி, பாடத்திட்டத்தைத் திறக்கும் முன் ஒவ்வொரு மாணவரிடமும் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். அதைக் கேட்காமல் நான் இரண்டு வாரத்தை வீணாக்கினேன்.