கழித்த நூலகப் புத்தகங்களை வெட்டி ஒட்டிக் கலைப்படைப்பு செய்வது சரியா?

எங்கள் நூலகத்தில் கழித்த புத்தகங்களை ஒரு கலைஞரிடம் கொடுக்கப்போகிறார்கள், அவர் வெட்டி அடுக்கிச் சிற்பம் செய்வாராம், மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒரு காலத்தில் ஒப்பவில்லை. ஒரு நூலகத்தில் கழிவு பிரிக்கிற மேசையில் நான்கு வருடம் உட்கார்ந்த பிறகுதான் என் எண்ணம் மாறியது.

முதலில் கழிவு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பக்கம் உதிர்ந்தவை, பூஞ்சணம் பிடித்தவை, பல வருடமாக யாருமே எடுக்காத கூடுதல் பிரதிகள், காலாவதியான மருத்துவக் கையேடுகள், இவைதான் பெரும்பாலும் அந்த மேசைக்கு வரும். சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்தின் எண்ணை அடித்துவிட்டு, தலைப்புப் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்துவோம். நல்ல நிலையில் உள்ளவை வேறு கைகளுக்குப் போகும். மிச்சம் கட்டுக்கட்டாகக் காகிதக் கூழுக்கு. உங்கள் கலைஞர் பறித்துக்கொள்வது ஒரு வாசகரின் கையில் இருந்திருக்கக்கூடிய புத்தகத்தை என்று நினைத்து வருந்தாதீர்கள். அது அரைபடப் போன புத்தகம்.

ஆனாலும் நூலகப் புத்தகத்தை வெறும் காகிதமாகப் பார்க்க என்னால் முடியாது. ஒருமுறை மாணவர்களோடு சேர்ந்து கழிவு நூல்களால் ஆளுயர வளைவு ஒன்று கட்டினோம். கம்பியில் கோத்துக்கொண்டிருந்தபோது தையல் கற்றுத்தரும் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. முதுகு பிய்ந்து உள்ளே கட்டுநூல் தெரிந்தது. தேதிச் சீட்டில் பதினைந்து நாள் இடைவெளியில் வரிசையாக ஏழு முத்திரை. யாரோ திருப்பித் தர மனம் வராமல் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நடுப்பக்கத்தில் குழந்தைச் சட்டை ஒன்றின் வெட்டுப்படம். அதன் ஓரம் முழுக்கக் குண்டூசி குத்திய பொடிப்பொடி ஓட்டைகள். மேலே மெல்லிய தாளைப் பொருத்தி அளவெடுத்த கை அது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தச் சட்டை புள்ளிகளாக ஒளிர்ந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே கண்மட்டத்தில் தொங்கவிட்டோம். வந்தவர்கள் பலரும் வளைவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தின் முன்னால்தான் நின்றார்கள்.

புதிதாக வாங்கிய புத்தகத்தில் இது கிடைக்காது. அதனால் நூலகப் புத்தகத்தைத் தொடுகிற கலைஞரிடம் நான் ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறேன். இது பலர் கைபட்ட பொருள் என்பது படைப்பில் தெரிய வேண்டும். முதுகின் நிறத்தைப் பார்த்து அடுக்கி, சுவருக்கு அலங்காரம் செய்வதற்குச் செங்கல்லும் அட்டைப்பெட்டியும் போதும்.

செக் நாட்டின் பிராக் நகர நூலகத்தின் நுழைவுக் கூடத்தில் ஸ்லோவாக்கியக் கலைஞர் மாத்தேய் க்ரென் எழுப்பிய வட்டக் கோபுரம் நிற்கிறது. ஏறக்குறைய 8,000 புத்தகங்கள், கீழும் மேலும் கண்ணாடி. பக்கவாட்டுத் திறப்பில் தலையை நீட்டினால் அடியும் முடியும் இல்லாத கிணறு போலத் தெரியும். அதில் எந்த நூலையும் பிரித்துப் படிக்க முடியாதுதான். ஆனால் பார்த்து முடித்த கையோடு வாசகர் உள்ளே போய்ப் புத்தகம் எடுக்கலாம். அந்த இடத்தில் அது பொருந்துகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1966இல் லண்டனில் கலைஞர் ஜான் லேத்தம் தான் பாடம் நடத்திய கலைப்பள்ளியின் நூலகத்திலிருந்து அமெரிக்கக் கலை விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க்கின் கட்டுரைத் தொகுப்பை இரவல் எடுத்தார். வீட்டுக்கு வந்தவர்களைப் பக்கங்களை மென்று துப்பச் சொல்லி, அதை அமிலத்தில் கரைத்து நொதிக்க வைத்தார். நூலகத்திலிருந்து நினைவூட்டுக் கடிதம் வந்ததும் அந்தத் திரவத்தைக் குப்பியில் ஊற்றித் திருப்பிக் கொடுத்தார். வேலை போயிற்று. அந்தக் குப்பியும் கடிதங்களும் ஒரு பெட்டியில் இன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. கலை வரலாற்றில் அதற்குரிய இடத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கழித்த நூல் இல்லை, இன்னொரு மாணவர் எடுத்துப் படித்திருக்க வேண்டிய நூல். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் மனதுக்கு மிக நெருக்கமானது கலைஞர் வஃபா பிலால் செய்தது. 2003 போரின்போது பாக்தாத் நுண்கலைக் கல்லூரி நூலகம் சூறையாடப்பட்டு எரிந்தது. 70,000 நூல்கள் போயின. ஈராக்கில் பிறந்த பிலால், எழுத்தே இல்லாத வெள்ளைப் புத்தகங்களை அலமாரி முழுக்க அடுக்கினார். நன்கொடை வர வர, ஒவ்வொரு வெள்ளைப் புத்தகமும் போய் அதன் இடத்தில் நிஜப் புத்தகம் வரும். அப்படிச் சேர்ந்தவை பாக்தாத் மாணவர்களுக்குப் போகும். வெறும் வெள்ளையாக இருந்த அலமாரியில் மெல்ல மெல்ல நிறம் ஏறுவதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். அர்ஜென்டினாவில் 1983இல் ராணுவ ஆட்சி முடிந்ததும் கலைஞர் மார்த்தா மினுஹின் அந்த ஆட்சி தடைசெய்த நூல்களால் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தனானின் வடிவத்தைக் கட்டினார். கடைசியில் அந்தப் புத்தகங்களும் மக்களிடமே போய்ச் சேர்ந்தன.

இனி உங்கள் நூலகம். எதிர்ப்பதைவிடக் கூடவே நில்லுங்கள். கழிவுப் பட்டியலைப் பார்க்கக் கேளுங்கள். உள்ளூர் வரலாறு, வேறெங்கும் பிரதி இல்லாதவை, ஆசிரியர் கையெழுத்திட்டவை இருந்தால் தனியே எடுக்கச் சொல்லுங்கள். பழைய இரவல் அட்டைகளில் எடுத்தவர் பெயர் இருக்கும், அவற்றைக் கட்டாயம் நீக்க வேண்டும். யார் என்ன படித்தார் என்பது அவரவர் அந்தரங்கம். பெயர் இல்லாத தேதிச் சீட்டுகளை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் உள்ள நூல் ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, பக்கத்து அலமாரிக்குப் பரவிவிடும். முடிந்தவரை பசைக்குப் பதிலாகக் கம்பி, பிரிக்கும்போது புத்தகம் மிஞ்சும். காகிதக் குவியல் பயங்கர கனம், தரை தாங்குமா என்று ஒரு பொறியாளர் பார்க்கட்டும். வெளியேறும் வழியை அடைக்கவும் கூடாது.

எல்லாவற்றையும் முத்திரை விழுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பதிவேட்டில் எண்ணை அடித்த புத்தகம் மறுபடி அலமாரிக்கு வந்ததை நான் இருந்த நான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.