வெப்ப அதிர்ச்சிப் புரத ஆன்டிபாடி டெஸ்ட் அம்மாவுக்குத் தேவையா?

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிதான் இந்த நோய்க்குக் காரணம் என்று படித்தேன். அதை டெஸ்ட் செய்யலாமா?

வேண்டாம். ஆய்வகத்தில் எலைசா (ரத்தத்தில் ஒரு ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) செய்து பழகியவள் நான், ஏன் என்று சொல்கிறேன்.

1962-ல் இத்தாலியரான ரிட்டோசா, சூடு பட்ட பழ ஈக்களின் குரோமோசோம்களில் சில இடங்கள் புதிதாக உப்புவதைப் பார்த்தார். அதில் தொடங்கிய கதை என்பதால் இந்தப் புரதங்களுக்குச் சூட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் காய்ச்சல், கிருமித்தொற்று, ஆக்சிஜன் குறைவு என எந்த நெருக்கடியிலும் செல் இவற்றைக் கூடுதலாகத் தயாரிக்கும். மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவுவதுதான் இவற்றின் வேலை. பாக்டீரியாவிலிருந்து மனிதன் வரை பெரிதாக மாறாத புரதங்கள் இவை. காசநோய்க் கிருமியின் எச்எஸ்பி60-ஐ (எச்எஸ்பி என்பது வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் ஆங்கிலச் சுருக்கம்) நம்முடையதோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி அப்படியே ஒத்துப்போகும். கிருமியைத் தாக்கக் கிளம்பிய ஆன்டிபாடி நம் மூட்டையும் தாக்குகிறதோ என்ற சந்தேகம் இதிலிருந்துதான் வந்தது.

ஆனால் எலைசா பிளேட்டைப் பாருங்கள். நோயாளியின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) விட்ட குழி கடைசியில் மஞ்சளாகும், ஆன்டிபாடி இருக்கிறது என்று அர்த்தம். எந்த நோயும் இல்லாதவரின் சீரம் விட்ட குழியும் ஓரளவு மஞ்சளாகும், சிலருக்கு நன்றாகவே. குடலில் இத்தனை பாக்டீரியாவோடு வாழும் நமக்கு இந்த ஆன்டிபாடி கொஞ்சம் இருப்பது இயல்பு. இன்னொரு சிக்கல்: டெஸ்டுக்கான இந்தப் புரதத்தைப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில்தான் வளர்த்து எடுக்கிறார்கள். சுத்திகரிப்பில் ஈ.கோலையின் சொந்தப் புரதம் கொஞ்சம் தங்கிவிட்டாலும் அதற்கான ஆன்டிபாடி வந்து ஒட்டி, பொய்யான பாசிட்டிவ் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் எலிச் சோதனைகள். கொன்ற மைகோபாக்டீரியாவை எண்ணெயில் கலந்து ஊசி போட்டால் சில வகை எலிகளுக்கு மூட்டு வீங்கும். அந்த வீக்கத்தை உண்டாக்கும் டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) கிருமியின் எச்எஸ்பி65 புரதத்தை (நம் எச்எஸ்பி60-இன் கிருமி வடிவம்) அடையாளம் காண்கின்றன என்று 1988-ல் வான் ஈடன் குழு காட்டியது. சரி, குற்றவாளி கிடைத்துவிட்டது என்றுதானே தோன்றும்? அதே புரதத்தை முன்கூட்டியே தனியாகக் கொடுத்த எலிகளுக்கு மூட்டுவாதம் வராமல் தடுக்கப்பட்டது! அப்புறம், சில மூட்டுகளில் மட்டும் வாதம் வந்த குழந்தைகளைப் பார்த்தார்கள். தங்கள் சொந்த எச்எஸ்பி60-க்கு டி செல் எதிர்வினை காட்டியவர்களுக்கு நோய் தணியும் போக்கே தெரிந்தது. ஆக, இந்த எதிர்வினை சில சமயம் பிரேக்காகவும் இருக்கலாம்.

உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகள் சிலரிடம் எச்எஸ்பி90-க்கு எதிராகவும், முடக்குவாதத்தில் பிஐபி என்ற உறவுக்காரப் புரதத்துக்கு எதிராகவும் ஆன்டிபாடி கண்டிருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு அது முக்கியம். ஆனால் முடக்குவாதத்தை வகைப்படுத்தும் 2010 அளவுகோலில் உள்ளவை ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்ற ஆன்டிபாடி டெஸ்டுகள், அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி டெஸ்டுகள், எந்தெந்த மூட்டுகள், எத்தனை வாரம் என்பவைதான்; எச்எஸ்பி ஆன்டிபாடி அதில் இல்லை.

ஆன்டி சிசிபி இதுவரை பார்க்கவில்லை என்றால் அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காலையில் எழுந்ததும் அம்மாவுக்கு விரல் இறுக்கம் தளர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள், டாக்டருக்கு அது உதவும். இணையத்தில் படித்ததை வைத்து மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.