ஹெர்னியா என்கிறார்கள், வெறும் கொழுப்புக் கட்டியாக இருக்குமா?

அடிவயிற்றில் கட்டி இருக்கிறது, ஹெர்னியா என்று ஆபரேஷனுக்கு நாள் பார்க்கச் சொல்கிறார்கள், கொழுப்புக் கட்டியாகவும் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கலாம். எங்கள் பெரியப்பா மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வலப்பக்க அடிவயிற்றில் எலுமிச்சை அளவு வீக்கம். மூட்டை தூக்குகிற ஆள் என்றதுமே ஹெர்னியா என்று முடிவு கட்டி, பெல்ட்டும் மாட்டிவிட்டார்கள். தொழிலைக் கேட்டே நோயைச் சொல்கிறவர்கள் நம் ஊரில் அதிகம்.

அப்புறம் பெரியாஸ்பத்திரி சர்ஜரி ஓ.பி.யில் டாக்டர் அவரை நிற்க வைத்து, கட்டியின் மேல் கையை வைத்து, "இருமுங்கய்யா" என்றார். ஹெர்னியாவில் வயிற்றுத் தசையில் உள்ள இடைவெளி வழியாகக் குடலோ உள்கொழுப்போ பிதுங்குகிறது. அதனால் இருமும்போது கையில் முட்டும், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். பெரியப்பாவுக்கு முட்டவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. ஓரத்தை அழுத்தினால் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அல்ட்ராசவுண்டில் பார்த்தால் கட்டி தோலுக்கும் தசைக்கும் நடுவே இருந்தது. தசையில் ஓட்டை எதுவும் இல்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து எடுத்துவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருமிப் பார்த்து நீங்களே முடிவெடுக்காதீர்கள். சிக்கிக்கொண்ட ஹெர்னியாவும் முட்டாது, உள்ளே போகாது. தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் கொழுப்பு மட்டும் பிதுங்கினால், அது ஹெர்னியாதான் என்றாலும் கைக்குக் கொழுப்புக் கட்டி போலவே இருக்கும். தொடையிடுக்கில் குழப்பம் இன்னும் அதிகம். ஆண்களுக்கு அங்கே விந்துக்குழாயை ஒட்டி இறங்கும் கொழுப்பு ஹெர்னியா மாதிரியே வலிக்கும், இருமினால் அசையும். ஸ்கேனிலும் பிரித்துச் சொல்வது கஷ்டம். சிலருக்குத் திறந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது.

உங்கள் கட்டி எந்த இடம் என்று எழுதவில்லை. எதுவானாலும், ஸ்கேனைப் படுத்த நிலையில் மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். நின்றபடியும், மூச்சடக்கி முக்கும்போதும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, ஆழத்தில் இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். அபூர்வமாகப் புற்றாக இருப்பதுண்டு. கட்டி திடீரென இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.